வழியும் கால்வழியும்

'வழி' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தந்து நிற்பதை யாவரும் அறிவர். நடந்து செல்லும் பாதையும் வழி. தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும் மரபும் வழி. கால்வழி, கொடிவழி, வழித்தோன்றல், வழிவழியாக எனவரும் சொற்களிலெல்லாம் பாதையைக் குறித்த சொல்லே குலத்தின் தொடர்ச்சியையும் குறித்து நிற்கின்றது. வகுப்பறையில் இச்சொல்லை விளக்க நேரும்போது, ஒரு பொருளினின்று மற்றொரு பொருள் விரிந்தது என்று கூறி மேற்செல்வது நம் வழக்கம். அவ்விரு பொருளும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதையும், பாதை அறுந்தால் மரபும் அறும் என்பதையும் நமக்குத் தெளிவுறுத்தியவை அறிவியலார் சிலர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள். அவை கனடா நாட்டுக் கரடிகளைப் பற்றியவை.

தமிழாசிரியனுக்கும் கரடிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் வினவக்கூடும். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கென நாம் எடுத்துக்கொண்ட பொருள் சங்க அகப்பாடல்களில் வரும் விலங்குகள். அப்பாடல்களில் கரடிக்கு 'எண்கு' என்று பெயர். புற்றைத் தோண்டி அதனுள் இருக்கும் சோற்றை உண்பதாகவும், இருப்பை மரத்துப் பூவை நாடித் திரிவதாகவும் புலவர்கள் அதனைக் காட்டுவர். இரவுக்குறியில் வரும் தலைவனின் வழியை எண்ணித் தலைவி அஞ்சும்போது, அவ்வழியில் உள்ள ஏதங்களுள் ஒன்றாக எண்கும் இடம்பெறும். அன்று மனிதனின் வழியில் கரடி இடையூறாக நின்றது. இன்று கரடியின் வழியில் மனிதன் இடையூறாக நிற்கின்றான். இதனை விலங்கியல் துறை நண்பர் ஒருவரிடம் ஒருநாள் கூறியபோது, அவர் நகைத்துவிட்டு, நாம் மேலே குறித்த ஆய்வுக் கட்டுரைகளைக் கொணர்ந்து தந்தார். அவற்றை அகராதியின் துணையோடும் அவர் துணையோடும் படித்து அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

சாலையும் கரடியும் நாடிய நிலம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடரில் அமைந்தது பான்ஃப் தேசியப் பூங்கா. 1885-ஆம் ஆண்டில் அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளைச் சூழ்ந்த நிலம் ஒதுக்கப்பட்டதே அதன் தொடக்கம். அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அதுவே. இன்று அதன் பரப்பு 6,641 சதுர கிலோமீட்டர். இவ்வளவு பெரிய நிலம் இருக்க, ஒரு சாலையால் கரடிக்கு என்ன குறை வந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், அப்பரப்பில் கணிசமான பகுதி பாறையும் பனியும் ஆகும். புல்லும் கிழங்கும் கனியும் செழிப்பது பள்ளத்தாக்குகளில்தான். வேனில் தொடங்கும்போது முதலில் பசுமை காண்பதும் தாழ்ந்த அப்பகுதியே. அப்பள்ளத்தாக்குகளுள் முதன்மையானது போ ஆறு பாயும் பள்ளத்தாக்கு.

மலையைக் கடந்து செல்ல விரும்பும் மனிதனுக்கும் அப்பள்ளத்தாக்கே ஏற்ற இடம். முதலில் தொடர்வண்டிப் பாதை வந்தது, ஊர்கள் எழுந்தன. பின்னர், நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை செல்லும் கனடா குறுக்கு நெடுஞ்சாலை 1962-இல் திறந்துவைக்கப்பட்டது. ஆக, சாலைக்கு வேண்டிய நிலமும் கரடிக்கு வேண்டிய நிலமும் ஒன்றாகிப் போயின. உலகின் மலைநாடுகள் பலவற்றிலும் இச்சிக்கலின் வேர் இதுவே ஆகும்.

அப்பூங்காவில் இருவகைக் கரடிகள் வாழ்கின்றன. ஒன்று கருங்கரடி; மற்றொன்று உருவில் பெரிய, தோளில் திமிலுடைய கிரிஸ்லி கரடி. கிரிஸ்லி மிகுதியாகப் பெருகும் விலங்கன்று. அப்பகுதியில் பெண்கரடி முதற்குட்டி ஈனவே ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். ஈன்ற குட்டிகளைச் சில ஆண்டுகள் தன்னுடனே வைத்து வளர்த்த பின்னரே மீண்டும் ஈனும். எனவே ஒரு பெண்கரடி சாலையில் அடிபட்டு மடிந்தால், அவ்விழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டும். மேலும், வளர்ந்த ஆண்குட்டி தாயை விட்டு நெடுந்தொலைவு சென்று தனக்கெனப் புதிய இடம் தேடிக்கொள்ளும். பெண்குட்டியோ தாய் வாழ்ந்த இடத்தை ஒட்டியே தானும் வாழ முற்படும். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். பின்வருவன அனைத்தும் இதனைச் சார்ந்தவை.

முடி சொன்ன செய்தி

சாலையில் அடிபட்டு இறக்கும் விலங்கு கண்ணுக்குத் தெரியும். அதனைக் கணக்கிடவும் இயலும். ஊர்தி இரைச்சலைக் கேட்டு, சாலையோரம் வரை வந்து, கடக்காமலே திரும்பிச் செல்லும் விலங்கை யார் கணக்கிடுவார்? அக்கணக்கை எடுக்க உதவியது கரடியின் முடி. காட்டில் ஓரிடத்தில் மணப்பொருளை வைத்து அதனைச் சுற்றி ஒரு முள்கம்பியைக் கட்டிவிடுவர். மணத்தை நாடிவரும் கரடி கம்பியைக் கடக்கும்போது சில முடிகள் முள்ளில் சிக்கும். முடியின் வேரில் உள்ள மரபணுவை ஆய்ந்தால், அது எக்கரடி, ஆணா பெண்ணா, எக்கூட்டத்தைச் சேர்ந்தது, யாருக்குப் பிறந்தது என்பனவெல்லாம் தெரியவரும். கரடியைப் பிடிக்கவும் வேண்டா; மயக்கவும் வேண்டா.

இம்முறையைக் கொண்டு மைக்கேல் பிராக்டர் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் பான்ஃபிற்குத் தெற்கே, அமெரிக்க எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை 2005-இல் வெளியிட்டனர். அங்கே 3-ஆம் எண் நெடுஞ்சாலை மலைகளைக் குறுக்காக அறுத்துச் செல்கின்றது. அதனை ஒட்டிக் குடியிருப்புகள் வளர்ந்துள்ளன. சாலைக்கு வடக்கேயும் தெற்கேயும் கிரிஸ்லி கரடிகள் வாழ்கின்றன. பார்ப்பவர்க்கு அது ஒரே கூட்டமாகவே தோன்றும். ஆனால் முடிகள் வேறு கதை கூறின. சாலையும் குடியிருப்பும் சேர்ந்து பெண்கரடிகளின் போக்குவரவைத் தடுத்திருந்தன; ஆண்கரடிகளின் போக்குவரவைக் குறைத்திருந்தன. அதனால் பிரிந்துபோன கூட்டங்களுள் இரண்டு, ஒவ்வொன்றும் 100-க்கு மேற்படாத கரடிகளைக் கொண்டவையாய்ச் சுருங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று முற்றிலும் தனித்துப்போயிருந்தது.

இதே குழுவினர் 2012-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு 3,134 கரடிகளின் மரபணுச் செய்திகளைக் கொண்டது. மேற்குக் கனடாவிலும் வட அமெரிக்க ஒன்றிய எல்லையிலும் கரடிக் கூட்டங்கள் பிளவுபட்டிருக்கும் இடங்கள், மக்கள் குடியேறிய பள்ளத்தாக்குகளோடும் பெரிய நெடுஞ்சாலைகளோடும் ஒத்துப்போவதை அது காட்டிற்று.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. ஆண்கரடி ஒன்று எப்போதேனும் கடந்து சென்று மறுபக்கத்தில் இனம் பெருக்கினால், மரபணு ஓரளவு கலந்துவிடும். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவதால் விளையும் நலிவு தள்ளிப்போகும். ஆனால், குன்றிவரும் கூட்டம் எண்ணிக்கையில் மீள வேண்டுமாயின் குட்டி ஈனும் பெண்கரடிகள் அங்கு வந்து குடியேற வேண்டும். ஆண் கடப்பதால் மரபு கலக்கும். பெண் கடந்தாலன்றிக் குடி தழைக்காது. சாலையோ முதலில் தடுப்பது பெண்ணைத்தான்.

நம் ஊரில்

இவ்வரியைப் படித்தபோது நம் நெஞ்சு சற்றே நின்றது. மக்களையும் விலங்குகளையும் ஒப்பிட்டு உரைப்பது முறையன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் நினைவைத் தடுக்க இயலவில்லை.

நம் சொந்த ஊர் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். மேலத்தெரு சாலைக்கு மேற்கே, கீழத்தெரு கிழக்கே. இரண்டும் ஒரே ஊர். பெரும்பாலும் ஒரே உறவு. சாலை இருவழியாக இருந்த காலத்தில், மாலைநேரத்தில் பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து கடந்து சென்று, உறவினர் வீட்டில் அமர்ந்து பேசிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவர். பெண் கேட்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் அப்பேச்சில் தொடங்கியவையே. பின்னர்ச் சாலை நான்குவழி ஆயிற்று. நடுவே தடுப்புச் சுவர் எழுந்தது. ஆடவர் இருசக்கர வண்டியில் சுற்றிக்கொண்டு சென்றுவந்தனர். பெண்கள் செல்வது குறைந்தது, பின்னர் நின்றது. அன்னையின் தமக்கையாரான நம் பெரியம்மா கீழத்தெருவில் இருந்தார். வாரம் தவறாமல் நம் இல்லத்திற்கு வந்தவர், பெருநாளைக்குக்கூட வாராதவர் ஆனார். கேட்டபோது, "அந்த ரோட்டைப் பார்த்தாலே கால் எழும்ப மாட்டேங்குது தம்பி, நீங்கதான் வரணும்" என்றார். நாமும் சென்றோம், ஆனால் ஆண்டுக்கு இருமுறை, மும்முறை.

இன்று பெரியம்மா இல்லை. அண்மையில் ஒரு திருமண மண்டபத்தில் இரு தெருவின் இளையோரும் கூடியிருந்தனர். அக்காள் தங்கையின் பேரப்பிள்ளைகள், ஒருவரையொருவர் "நீங்கள் யார் வீடு?" என்று கேட்டறிந்துகொண்டனர். எவரும் எவரோடும் பகைகொள்ளவில்லை. ஆடவர் போக்குவரவும் அறவே நின்றுவிடவில்லை. ஆயினும் உறவைச் சுமந்து சென்ற கால்கள் நின்றுபோயின.

சாலையைப் பழிப்பது நம் கருத்தன்று. அதே சாலையில்தான் நோயாளிகள் விரைந்து மருத்துவமனை சேர்கின்றனர். அதே சாலையில்தான் நம் மாணவியர் பலர் பேருந்தேறிக் கல்லூரிக்கு வருகின்றனர். ஒரு திசையில் இணைப்பது மறுதிசையில் பிரிக்கின்றது என்பதை மறந்துவிடலாகாது என்பதே நாம் கூற விழைவது.

பாலம் கட்டிய வரலாறு

பான்ஃபில் அதனை மறவாதிருந்தனர். ஊர்திகள் பெருகி, சாலையை அகலப்படுத்த நேர்ந்தபோது, 1980-களின் தொடக்கத்திலிருந்து சாலையின் இருபுறமும் உயர்ந்த வேலி அமைத்தனர். வேலி மட்டும் இருப்பின் விபத்து குறையும். ஆனால் சாலை மதிலாகிவிடும். எனவே விலங்குகள் கடக்கக் கீழ்வழிகளை அமைத்தனர். 1990-களின் பிற்பகுதியில், 50 மீட்டர் அகலமுள்ள இரு மேற்பாலங்களைக் கட்டி, அவற்றின்மீது மண்ணிட்டு, மரமும் புதரும் நட்டனர். பணி படிப்படியாக விரிந்து, பூங்காவினூடே செல்லும் 82 கிலோமீட்டர்ச் சாலைக்கும் வேலி அமைந்தது. 6 மேற்பாலங்களும் 38 கீழ்வழிகளும் அமைந்தன. ஊர்திகள் விலங்குகள்மீது மோதுவது 80 விழுக்காட்டிற்கு மேல் குறைந்தது. எல்க் முதலிய மான்களைப் பொறுத்தமட்டில் அக்குறைவு 96 விழுக்காட்டிற்கும் மேல்.

பாலம் கட்டிய மறுநாளே விலங்குகள் வரிசையாக வந்து கடக்கவில்லை. கரடி பாலத்தில் ஏறுமா என்ற ஐயமும், இத்துணைப் பொருட்செலவு தகுமா என்ற வினாவும் எழுந்தன. அந்தோணி கிளெவெஞ்சர் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1996 முதல் ஆண்டுக்கணக்கில் அங்கிருந்து, வழியில் பரப்பிய மணலில் பதிந்த தடங்களைப் படித்து வந்தனர். பின்னர் ஒளிப்படக் கருவிகளும் துணைக்கு வந்தன. அவர்கள் கண்டறிந்தவை இரண்டு. முதலாவது, புதிய வழியை நம்பி ஏற்க அஞ்சும் விலங்குகளுக்கு ஆண்டுகள் பல ஆகும் என்பது. ஓராண்டு பார்த்துவிட்டுப் பயனில்லை என்று முடிவுகட்டியிருந்தால் அம்முடிவு பிழைபட்டிருக்கும். இரண்டாவது, எல்லா விலங்கிற்கும் ஒரே வகை வழி பொருந்தாது என்பது. கருங்கரடியும் மலைச்சிங்கமும் குறுகலான கீழ்வழியை விரும்பின. கிரிஸ்லியோ வானம் தெரியும் மேற்பாலத்தையும், அகன்று உயர்ந்த கீழ்வழியையும் நாடிற்று. குறுகி இருண்ட வழி அதற்கு வழியே அன்று.

கடந்தால் போதுமா?

இவ்வளவும் ஆன பின்னரும் ஒரு வினா எஞ்சி நின்றது. கரடி கடக்கின்றது, சரி; கடந்து சென்ற கரடி மறுபக்கத்தில் இணைந்து குட்டி ஈன்றதா? மணலில் பதிந்த தடம் இதற்கு விடை கூறாது. ஒரே கரடி நூறு முறை கடந்திருக்கலாம். கடந்தும் அதன் மரபு அங்கே கலவாதிருக்கலாம்.

2006 முதல் 2008 வரை மூன்றாண்டுகள் மைக்கேல் சவாயா, கிளெவெஞ்சர் முதலானோர் இவ்வினாவிற்கு விடை தேடினர். கடப்பு வழிகளிலேயே முள்கம்பியைக் கட்டி, கடக்கும் கரடிகளின் முடியைத் திரட்டினர். சுற்றியுள்ள காடுகளில் வாழும் கரடிகளின் முடியையும் தனியே திரட்டி, இரண்டையும் ஒப்பிட்டனர். 2014-இல் முடிவுகள் வெளிவந்தன. கருங்கரடிகளிடையே சாலையால் மரபணுப் பிரிவு ஏற்பட்டிருந்ததாகத் தெரியவில்லை. கிரிஸ்லிகளிடையே பிரிவு இருந்தது; சாலைக்கு வடக்கிலுள்ளவையும் தெற்கிலுள்ளவையும் மரபணுவால் வேறுபடுத்தி அறியத்தக்கனவாய் இருந்தன. ஆயினும் கடப்பு வழிகளைப் பயன்படுத்திய கிரிஸ்லிகள் இருபுறத்தையும் சேர்ந்தவை. இருதிசையிலும் மரபு கலந்து வந்தது. வழிகளைப் பயன்படுத்திய கருங்கரடிகளுள் 47 விழுக்காடும், கிரிஸ்லிகளுள் 27 விழுக்காடும் குட்டிகளுக்குப் பெற்றோராயின. அவற்றுள் ஆண்களும் இருந்தன, பெண்களும் இருந்தன. இருபுறத்துக் கூட்டங்களும் தனித்துப்போகாமல் காக்க இக்கலப்பே போதும் என்று ஆய்வாளர்கள் முடிவுரைத்தனர்.

நம்மைக் கவர்ந்தது அவ்வாய்வு கொண்ட அளவுகோல். எத்தனை பாலம் கட்டினோம் என்று அவர்கள் நின்றுவிடவில்லை. எத்தனை முறை கடந்தன என்பதோடும் அமையவில்லை. வழி, கால்வழி ஆயிற்றா என்று கேட்டனர். அங்கும் குறைகள் உண்டு; பூங்காவினூடே செல்லும் தொடர்வண்டிப் பாதையில் சிந்தும் தானியத்தை நாடிவந்து கரடிகள் அடிபடுவது பெருங்கவலையாகவே இருந்து வருகின்றது. எனினும் சரியான வினாவைக் கேட்டோர் அவர்கள்.

நம் நாட்டிலும்

காசுமீரத்தின் சிறீநகரிலிருந்து குமரிமுனை வரை வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நம்மில் பலர் அறிவோம். முன்பு 7-ஆம் எண் சாலை எனப்பட்டதும் இதன் பெரும்பகுதியே. தமிழகத்தை ஊடறுத்து வரும் இதே சாலை, நடு இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் காட்டினூடே செல்கின்றது. சாலையை அகலப்படுத்த முற்பட்டபோது அங்கு வழக்குகள் எழுந்தன. அவற்றின் பின்னர், மகாராட்டிர எல்லைக்குள் விலங்குகள் கடப்பதற்கென 9 கீழ்வழிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் மிக நீண்டதற்கு 750 மீட்டர் நீளம் உண்டு. புலியும் மானும் வாழும் அக்காடுகளில், புற்றைத் தோண்டி, இருப்பைப் பூவை உண்ணும் நம் சங்கப் புலவரின் எண்கும் வாழ்கின்றது. கட்டியதோடு கடமை முடிந்தது என்று கருதாமல், பான்ஃபில் கேட்ட அதே வினாவை நாமும் ஆண்டுக்கணக்கில் கேட்டுவர வேண்டும்.

நம் ஊரிலும் ஒரு வழி கட்டத்தான் செய்தனர். ஊரார் பலமுறை மனுக் கொடுத்ததன் பயனாகச் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை ஒன்று அமைந்தது. அது குறுகியது, விளக்கு இல்லை, ஒரு மழைக்கு முழங்காலளவு நீர் நின்று, பல நாள் வடிவதில்லை. இளைஞர் சிலர் வண்டியில் செல்கின்றனர். அவர்களைக் காட்டி, வழி பயன்பாட்டில் உள்ளது என்று எழுதிவிட இயலும். மேலத்தெருப் பெண்டிரும் முதியோரும் அதனுள் நுழைவதில்லை.

பொறியியல் பயிலச் சென்ற நம் பழைய மாணவர்களும், நாளை அரசுப் பணியில் அமரவிருக்கும் இன்றைய மாணவ மாணவியரும் இதனைக் கருத வேண்டும் என்பது நம் விருப்பம். வழி அமைப்போர் துணிந்தவனைக் கேட்டு அளவெடுத்தால் போதாது. அவன் எவ்வழியாயினும் கடந்துவிடுவான். மிகவும் அஞ்சுபவர் எவரோ, அவர் கடக்க என்ன வேண்டும் என்பதே அறிய வேண்டியது. பான்ஃபில் இன்று குட்டிகளோடு மேற்பாலத்தைக் கடக்கும் தாய்க்கரடிகள் உண்டு. தாயின் பின்னே நடந்த குட்டிக்கு அது பாலம் அன்று, பழகிய காடு. நாளை அது தன் குட்டியையும் அவ்வழியே அழைத்துச் செல்லும்.

சுரங்கப்பாதைக்கு விளக்கும் வடிகாலும் வேண்டி ஊரார் மீண்டும் ஒரு மனு கொடுக்க முனைந்துள்ளனர். தமிழாசிரியன் என்பதால் அதனை எழுதித்தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. வழக்கமான வேண்டுகோளோடு, "பெண்டிரும் முதியோரும் பிள்ளைகளோடு அஞ்சாது நடந்து செல்லும் வண்ணம்" என்னும் தொடரைச் சேர்த்து எழுதினோம். படித்துப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர், இதற்கு முன் கொடுத்த மனுக்களில் இது இல்லையே என்றார். இல்லைதான். அதனை எழுதக் கற்பித்தவை, நாம் நேரில் காணாத கரடிகள்.